அக்கா தட்டைக் காலி செய்யும்வரை

1

இந்தக் கதை ஒரு நோட்டீஸாகப் பிறந்திருக்க வேண்டியது. ஒரே தாள், இரண்டு பக்கமும் அச்சு, ஓரத்தில் சிரித்துக்கொண்டிருக்கும் கேரட் ஒன்று. ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக இருக்கும் பெண்மணிதான் கேட்டார். அவரை இனிமேல் கலோரி மேடம் என்று சொல்லப்போகிறேன். முகத்துக்கு நேராகச் சொல்லத் தைரியமில்லை; கதையில் சொல்லிக்கொள்ளலாம்.

"நீங்க எழுத்தாளராமே," என்றார். "குறைந்த கலோரி உணவிலும் போதுமான அளவு சாப்பிடுவது எப்படின்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்களேன். நாங்க எழுதினா யாருமே படிக்க மாட்டேங்கறாங்க."

நான் எழுதினாலும் யாரும் படிப்பதில்லை என்பது தொழில் ரகசியம், வெளியே விடவில்லை. சரி என்று தலையாட்டினேன். அப்போது என் கையில் இரண்டு குழாய்கள் செருகியிருந்தன. இரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு கட்டிப் படுக்க வைக்கப்பட்டவனிடம் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வான். எழுந்து ஓடவா முடியும்?

முதல் வாக்கியம் சுலபமாக வந்தது: "எடை குறைய வேண்டும் என்பதற்காகப் பட்டினி கிடக்காதீர்கள்." இரண்டாவதும் வந்தது: "தட்டில் பாதி காய்கறியாக இருக்கட்டும், கால் பங்கு முட்டை, மீன், பயறு இவற்றில் ஏதாவது இருக்கட்டும், மீதியில் சோறோ ரொட்டியோ வைத்துக்கொள்ளுங்கள், வயிறும் நிறையும், கலோரியும் ஏறாது." மூன்றாவது வாக்கியம் "என் அக்கா" என்று ஆரம்பித்தது. அதோடு நின்றுவிட்டது. நோட்டீஸில் அக்காவுக்கெல்லாம் இடம் கிடையாது. கேரட்டுக்குத்தான் இடம். அதனால் நோட்டீஸைக் கிழித்துப்போட்டுவிட்டுக் கதைக்கு வந்துவிட்டேன். கலோரி மேடம் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "பசி என்பது மனிதனின் ஆதி"

இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். இப்படி ஆரம்பிக்கிற கதைகளை நானே படிப்பதில்லை.

இரண்டாவது முயற்சி: "வங்கி அதிகாரியான அந்தப் பெண்மணி கண்ணாடி முன் நின்று"

நின்று என்ன செய்தாள்? பெருமூச்சு விட்டிருப்பாள். கண்ணாடி முன் நிற்கும் பெண்களுக்குக் கதைகளில் வேறு வேலை யாரும் கொடுப்பதில்லை. வங்கி அதிகாரி எங்கிருந்து வந்தாள் என்றால், சொந்த அக்காவை எழுதுகிறேன் என்று தெரியாமலிருக்கத்தான். ஆனால் வங்கி அதிகாரியைச் சாப்பிடாமல் இருக்க வைக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. மதியம் ஆனதும் அவள் பாட்டுக்கு டப்பாவைத் திறந்து சாப்பிட உட்கார்ந்துவிட்டாள். பாத்திரம் தன்னிச்சையாக இயங்குகிறது என்று கூட்டங்களில் பேசுவோமே, அதுதான் இது. அவளை வேலையை விட்டு நீக்கிவிட்டேன்.

(இந்த இடத்தில் "கதையில் சொற்களைக் குறைப்பதும் ஒரு டயட்தான்" என்று ஒரு வரி இருந்தது. இந்த விஷயத்தைத் தொடுகிற எல்லாருக்கும் தோன்றும் வரி என்பதால் அடித்துவிட்டேன். அடித்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, பாருங்கள்.)

மூன்றாவது முயற்சி. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என்னுடைய இரண்டு சிறுநீரகங்களும் வேலையை விட்டு நின்றுவிட்டன. முன்னறிவிப்பு கிடையாது. அக்கா தன்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்கிறாள். இரத்தம் பொருந்தியது, மற்ற சோதனைகள் எல்லாம் பொருந்தின, பொருந்தாதது அவள் எடை மட்டும். இவ்வளவு எடையோடு அறுவை சிகிச்சை செய்தால் தருகிறவருக்கு ஆபத்து, குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆக, என் உயிர் அக்காவின் இடுப்பில் மாட்டிக்கொண்டிருக்கிறது. வேறு யாருடைய கதையிலாவது இந்த வாக்கியத்தைப் படித்திருந்தால் சிரித்திருப்பேன்.

அக்கா தையல்காரி. புதிதாகத் தைத்துக் கொடுக்கும் தையல்காரி இல்லை. ஏற்கெனவே தைத்தது தொளதொளத்தால் பிடித்துக் கொடுப்பாள், இறுக்கினால் பிரித்து விடுவாள். பெரிய கடை வளாகத்தில் நகரும் படிக்கட்டுக்கு அடியில், தலை இடிக்கிற உயரத்தில் அவளுக்கு ஒரு கவுன்டர். ஒரு மிஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, திரைச்சீலை போட்ட ஓர் அளவு பார்க்கும் மூலை. அங்கே வருகிறவர்கள் யாரும் குண்டாகிவிட்டோம் என்று சொல்வதில்லை. "துணி சுருங்கிடுச்சு" என்பார்கள். "ஆமாங்க, இப்ப வர்ற துணியே அப்படித்தான்" என்று அக்காவும் தலையாட்டி, டேப்பை இடுப்பைச் சுற்றிப் போட்டு, அளவை வாய்விட்டுச் சொல்லாமல் மனசில் வைத்துக்கொள்வாள். அந்த ஊமைத்தனத்துக்காகவே அவளைத் தேடி வருகிறவர்கள் உண்டு.

* அடிக்குறிப்பு: அக்காவுக்கும் கதைக்கும் உள்ள உறவைப் பற்றி. அவள் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். சின்ன வயதில் எனக்குச் சோறூட்டுவது அவள் பொறுப்பு. நான் வாயைத் திறக்காத ரகம். அதற்காக ஒரு ராஜா கதை வைத்திருந்தாள். ராஜா காட்டுக்குப் போவார், புலி வரும், வெள்ளம் வரும், எதிரி வருவான், எதிலும் சாகமாட்டார். கடைசி வாய் உள்ளே போன அடுத்த நொடி, "ராஜா செத்துட்டார், போய் வாயைக் கழுவு" என்று கதையை முடித்துவிடுவாள். கதையை எப்படி முடிக்கக்கூடாது என்பதை நான் அங்கேதான் கற்றேன்.

3

கலோரி மேடத்தின் அறை. சுவரில் கண்ணாடிப் பலகையில் பழங்களின் படம். மேசைமேல் பிளாஸ்டிக்கில் செய்த முட்டை, பிளாஸ்டிக் மீன், பிளாஸ்டிக் சோறு. அளவு காட்டுவதற்காம். எங்கள் மாமா, அதாவது அக்காவின் கணவர், அந்த முட்டையை எடுத்து முகர்ந்தே பார்த்துவிட்டார்.

"காலைல இது, மத்தியானம் இது, ராத்திரி இது," என்று மேடம் ஒரு தட்டில் பிளாஸ்டிக்கை அடுக்கினார். "நடுவுல பசிச்சா தயிரு, இல்லாட்டி ஒரு பழம். இவ்வளவும் சாப்பிடணும்."

"இதுக்கு மேல கூடாது, அப்படித்தானே மேடம்?" என்றாள் அக்கா.

"மேலயும் கூடாது. கீழயும் கூடாது."

அக்கா தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரிந்ததுதான். வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்டுக்கொள்வாள், வெட்டும்போது அவளுக்குத் தெரிந்தபடிதான் வெட்டுவாள். "ஆள் சொல்ற அளவு ஒண்ணு, நாம வெட்டற அளவு ஒண்ணு. உடம்போட ஒட்டி நிக்கணும்னா, சொன்னதுல கொஞ்சம் குறைச்சுத்தான்டா வெட்டணும்" என்று எனக்கே எத்தனையோ தடவை பாடம் எடுத்திருக்கிறாள்.

அதே பாடத்தைத் தட்டில் செய்தாள். மேடம் கொடுத்த அளவில் கொஞ்சம் குறைத்தாள். எடை இறங்கியது. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் குறைத்தாள். இன்னும் இறங்கியது. காலை முட்டை போயிற்று, மாலைத் தயிர் போயிற்று, கடைசியில் ராத்திரி என்பதே சாப்பாட்டு நேரம் இல்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டாள். துணியாக இருந்தால் கச்சிதமாக வந்திருக்கும்.

இந்த இடத்தில் ஒரு விமர்சகர் கேட்பார்: இவ்வளவு கெட்டிக்காரியான பெண் இப்படி ஒரு தவறைச் செய்வாளா, பாத்திரம் நம்பும்படி இல்லையே? எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. அக்காவிடமே கேட்டேன்.

"உனக்கு அவசரம் இல்லையா?" என்று திருப்பிக் கேட்டாள்.

எனக்கு அவசரம்தான். விமர்சகர் மன்னிக்க வேண்டும்.

4

(இந்தப் பகுதியை அக்கா எடுக்கச் சொல்லிவிட்டாள். அவளுடைய எடை இதில் எண்ணாக வந்திருந்தது. "ஊர் பூரா தண்டோரா போடணுமாடா?" என்றாள். கதைக்கு அந்த எண் மிகவும் முக்கியம், யதார்த்தவாதத்தின் முதுகெலும்பே அதுதான் என்று வாதாடிப் பார்த்தேன். கையில் கத்தரிக்கோல் இருந்ததால் வாதத்தை நீட்டவில்லை. வாசகர் தன் வீட்டில் யாரையாவது நினைத்து ஓர் எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். அவர்களிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.)

5

மாமா லிஃப்ட் மெக்கானிக். எட்டுப் பேர் ஏறலாம், இவ்வளவு எடைதான் தாங்கும் என்று பலகை மாட்டியிருப்பார்களே, அந்தப் பெட்டியின் கூரைமேல் நின்று வேலை செய்கிறவர். ஆளைப் பார்த்ததும் எடை சொல்லுவார். சொந்த எடையைச் சொல்லச் சொன்னால் பேச்சை மாற்றுவார்.

அக்கா டயட் தொடங்கியதிலிருந்து மாமாவின் மதிய டப்பா கனக்க ஆரம்பித்தது. ஒரு முட்டை போய் இரண்டாயிற்று. மீன் துண்டு பெரிதாயிற்று. தயிருக்குத் தனி டப்பா வந்தது. ராத்திரியும் அப்படியே. "நான் அடுப்படியிலேயே சாப்பிட்டாச்சு, நீங்க சாப்பிடுங்க" என்று தட்டை நிரப்புவாள். நம்மாள் கேள்வி கேட்காமல் சாப்பிட்டார். சாப்பாட்டிடம் கேள்வி கேட்கிற வழக்கம் அவருக்கு என்றுமே கிடையாது.

ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "கல்யாணமாகி இத்தன வருஷம் கழிச்சு உங்க அக்காவுக்கு எம்மேல பாசம் வந்திருக்கு மாப்ள," என்றார். கண் கலங்கியிருந்தது. "சொல்லிக்க மாட்டா. டப்பாவப் பார்த்தா தெரியுது."

அந்தப் பாசத்தின் விளைவாக அவருடைய பேன்ட் ஏறவில்லை. அக்காவிடம் கொண்டுபோய் நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "துணி சுருங்கிடுச்சு" என்றார். அக்காவும் "ஆமா, இப்ப வர்ற துணியே அப்படித்தான்" என்று பிரித்து விட்டுக் கொடுத்தாள். அதே மிஷினில், அதே நூலில், தன் சட்டையைப் பிடித்துத் தைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டின் மொத்த எடையில் ஒரு மாற்றமும் இல்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றல் ஆகியிருந்தது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் இப்போது விலாவாரியாக எழுதுகிறேனே, அப்போது எங்களுக்கு ஏன் தெரியவில்லை? இதைக் கதையின் ஓட்டை என்று நினைத்து அடைக்கப் பார்த்தேன். ஓட்டை இல்லை, இதுதான் நடந்தது. யாராவது மெலிகிறார்கள் என்றால் நமக்கு எப்படித் தெரிகிறது? சட்டை தொளதொளவென்று தொங்கும், இடுப்பில் துணி சுருக்கம் விழும், அதைப் பார்த்து "என்ன இப்படி இளைச்சுப் போயிட்டே" என்போம். அக்காவின் சட்டை எந்த நாளும் தொங்கவில்லை. வாரத்துக்கு வாரம் அவள் உடம்போடு சட்டையும் சுருங்கிக்கொண்டே வந்தது. தினமும் பார்க்கிற எங்களுக்கு அக்கா அதே அக்காவாகத்தான் இருந்தாள். சொந்த வீட்டாரின் கண்ணில் மண்ணைத் தூவ ஒரு மிஷினும் நூலும் அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

6

எடை பார்க்கும் நாள். அக்கா இயந்திரத்தின் மேல் ஏறினாள். முள் வர வேண்டிய இடத்துக்கு வந்து, அதற்கும் கீழே போய் நின்றது. மாமா கை தட்டினார். நானும் தட்டினேன். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தார்கள். இரத்தம் எடுத்துக்கொண்டு அனுப்பினார்கள்.

இங்கே கதையை முடித்திருந்தால் நோட்டீஸுக்கே பொருத்தமாக இருந்திருக்கும். கேரட்டும் சிரித்திருக்கும்.

மறுநாள் யாரோ ஒரு வாடிக்கையாளர் திரைச்சீலைக்குப் பின்னால் கையைத் தூக்கியபடி அளவுக்கு நின்றுகொண்டிருந்தாராம். அக்கா டேப்பை இடுப்பைச் சுற்றிப் போட்டிருக்கிறாள். அப்படியே அவர் மேல் சாய்ந்துவிட்டாள். அவரோ அளவு எடுக்கிற புது முறை போலிருக்கிறது என்று கொஞ்ச நேரம் கையைத் தூக்கியபடியே நின்றிருக்கிறார். இந்த வரியை எழுதும்போது சிரித்தேன். பிறகு சிரித்ததற்காக எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இரத்தச் சோதனை முடிவும் அன்றைக்கே வந்தது. கலோரி மேடம் அதை மேசைமேல் வைத்தார். பிளாஸ்டிக் முட்டையை ஓரமாகத் தள்ளினார். கோபத்தில் இருக்கிறார் என்று புரிந்தது.

"எடை சரியா இருக்கு," என்றார். "ரத்தம் இல்ல. இந்த ரத்தத்தோட யாரு உங்கள மேசையில படுக்க வைப்பாங்க?"

அக்கா ஓரமாகப் போன பிளாஸ்டிக் முட்டையைப் பார்த்தாள்.

"நான் குடுத்ததுல எவ்வளவு சாப்பிட்டீங்க?"

"சாப்பிட்டேன் மேடம்."

"எவ்வளவு?"

"கொஞ்சம் குறைச்சு."

"பட்டினி கிடந்தா கொழுப்பு மட்டும் போகும்னு நினைச்சீங்களா? சதை போயிருக்கு, ரத்தம் போயிருக்கு. இனி கொஞ்சம் சாப்பிட்டாலும் உடம்பு பிடிச்சு வெச்சுக்கும். கம்மியா சாப்பிடச் சொன்னது நான்தான். அந்தக் கம்மிய முழுசா சாப்பிடணும். புரியுதா? முட்டை, பயறு, கீரை, வேளைக்கு வேளை. நீங்க சாப்பிட்டாத்தான் அவருக்கு."

அவருக்கு என்று சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை. தேதியை ரத்து செய்துவிட்டார்கள். இரத்தம் ஏறினால் மறுபடி சோதிப்பார்கள். எடையும் ஏறிவிட்டால் பழையபடி முதலிலிருந்து. அதற்குள் நான் என்ன ஆவேன் என்று மருத்துவரிடம் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். "பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்பது எழுத்தாளனுக்குத் தெரியும். பத்திரிகை ஆசிரியர்கள் நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். எனக்குப் பயமாக இருந்தது. இதைக் கிண்டலாகச் சொல்ல ஒரு வழி தேடினேன், கிடைக்கவில்லை. பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் மாடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனேன். வெளுத்துப் போகாமலிருக்க உள்பக்கம் வெளியே தெரியும்படிதான் அக்கா காயப்போடுவாள். அவள் சட்டையின் விலாப்பக்கத்தில் ஒரு தையல். அதற்கு உள்ளே ஒரு விரல் தள்ளி இன்னொரு தையல். அதற்கும் உள்ளே இன்னொன்று. பழைய தையலைப் பிரிக்கக்கூட நேரமில்லாமல் மேலே மேலே போட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். அடுத்த சட்டையும் அப்படியே. கடைசியாகத் தைத்ததில் மட்டும் பழைய தையல்களே இல்லை. மிஞ்சிய துணியைத் தையலை ஒட்டி வெட்டி எறிந்திருந்தாள்.

ஆல்டரேஷன் செய்கிறவர்கள் அப்படி வெட்டவே மாட்டார்கள். உள்ளே துணி விட்டு வைப்பதுதான் அந்தத் தொழிலின் தர்மம். "நாளைக்கு ஒடம்பு ஏறினா பிரிச்சுக்கலாம்" என்று வருகிற ஒவ்வொருவரிடமும் அக்கா சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

சட்டையைக் கொண்டுபோய் அவள் முன்னால் போட்டேன். "இத ஏன் வெட்டினே?"

"துணி இருந்தா பிரிக்கத் தோணும்டா," என்றாள். "பசிக்கும்போது கை அங்கதான் போகுது."

அவளுக்குப் பசித்தது என்று அவள் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை.

7

இங்கிருந்து எப்படி முடிப்பது? கைவசம் சில முடிவுகள் இருக்கின்றன.

அ) அக்கா ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். இரத்தம் ஏறுகிறது, எடை ஏறவில்லை. அறுவை சிகிச்சை நடக்கிறது. அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லாரும் சாளரத்தின் வழியே சூரியனைப் பார்க்கிறார்கள். (எங்களுக்கு வேறு உடன்பிறப்புகள் கிடையாது. கூட்டம் சேர்ந்தால் நன்றாக இருக்குமே என்று போட்டேன்.)

ஆ) மாமா தன்னுடையதைத் தர முன்வருகிறார். எடை காரணமாக நிராகரிக்கப்படுகிறார். அவர் எடை யாருடைய எடை என்று உங்களுக்குத் தெரியும். இதை மாமாவிடம் படித்துக் காட்டினேன். சிரிக்கவில்லை. "நிஜமாவே கேட்டேன் மாப்ள. எடைக்கு முன்னாடி ரத்தமே பொருந்தலன்னுட்டாங்க," என்றார். கேட்டது எனக்குத் தெரியாது. அதற்கு மேல் அந்த நகைச்சுவையை வளர்க்க முடியவில்லை.

இ) தம்பி, "உன் சிறுநீரகமே வேண்டாம், நீ வயிறாரச் சாப்பிடு, அது போதும்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறான். இலக்கியத் தரமான முடிவு. பரிசு கூடக் கிடைக்கும். வாங்குவதற்கு ஆள் இருக்கமாட்டான். இதில் எனக்கு உடன்பாடில்லை. நான் உயிரோடு இருக்க வேண்டும். அந்தச் சிறுநீரகம் வேண்டும். அக்காவும் முழுசாக வேண்டும். பேராசைதான்.

ஈ) அக்கா

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

8

முடிவில் அக்காவும் சம்பந்தப்பட்டிருக்கிறாள் என்பதால், அச்சுக்கு அனுப்புவதற்கு முன் அவளிடம் படித்துக் காட்டிவிடலாம் என்று நினைத்தேன். நேற்று மதியம் நடந்தது அது.

மேடம் சொன்ன தட்டு அவள் எதிரில் இருந்தது. பாதிக்கு மேல் காய்கறி, வேகவைத்த பயறு, முட்டை, கொஞ்சம் சோறு. தேதியை ரத்து செய்த பிறகு இதுதான் நித்தியப்படி. தட்டை வைப்போம். சோற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்துவாள். எதிராளிக்குச் சீட்டைக் காட்டாமல் விளையாடுகிறவள் போல ஒவ்வொரு பயறாக எடுப்பாள். நாலு வாய் ஆனதும், "எடை ஏறிட்டா என்னடா பண்றது?" என்று கேட்டுவிட்டுத் தட்டை மூடிவிடுவாள். மேடம் விளக்கியாயிற்று, மருத்துவர் விளக்கியாயிற்று, மாமா கெஞ்சியாயிற்று. நான் திட்டியும் பார்த்தேன். உள்ளே போகவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அத்தனை நாள் பசியை அடக்கிப் பழகியவளிடம், இனி பசித்தால் சாப்பிடு என்றால் உடனே நம்பிவிடுவாளா?

நான் முதல் பகுதியைப் படித்தேன்.

"கேரட் சிரிக்குதா? அதுக்கென்ன கேடு," என்றாள். ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

இரண்டாவது பகுதி. வங்கி அதிகாரியை வேலையை விட்டு நீக்கிய இடத்தில் சிரித்தாள். ஒரு வாய். ராஜா கதை வந்தபோது, "அந்தக் கதையில என்னடா தப்பு?" என்று சண்டைக்கு வந்தாள். சண்டையின் நடுவில் முட்டை பாதி காணாமல் போயிருந்தது. நாலாவது பகுதியில் எண்ணைக் கேட்டதும் கத்தரிக்கோலை எடுத்தாள், அதை வெட்டச் சொன்னாள், வெட்டினேன். பயறு மொத்தமும் தீர்ந்தது. என்ன நடக்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவளுக்குப் புரிந்துவிடக்கூடாதே என்று நிமிர்ந்து பார்க்காமல் படித்துக்கொண்டே போனேன்.

அதனால்தான் இந்தக் கதை இவ்வளவு நீளம். இலக்கியக் காரணம் ஒன்றும் கிடையாது. ஐந்தாவது பகுதியில் லிஃப்டின் பலகையைப் பற்றி ஒரு வரி வருகிறதே, தேவையே இல்லாத வரி, அது ஒரு கரண்டி காய்கறிக்காகச் சேர்த்தது. கையைத் தூக்கியபடி நின்ற வாடிக்கையாளர் முதல் பிரதியில் இல்லை. இன்று காலையில்தான் அக்காவிடம் கேட்டு வாங்கிப் போட்டேன்.

இன்றைக்கும் அதே மேசை, அதே மதியம். மாமா வேலைக்குப் போயிருக்கிறார். அவருடைய டப்பாவில் இன்று ஒரே ஒரு முட்டைதான். பாசம் குறைந்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டுக்கொண்டே கிளம்பினார். அக்கா தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சட்டையை வைத்துக்கொண்டு, இடது கையால் அதை நீவிக்கொண்டே, வலது கையால் சாப்பிடுகிறாள். ஆண்கள் சட்டை. புதுத் துணி. ஆல்டரேஷன்காரி புதிதாக வெட்டித் தைக்கிறாளே என்று எடுத்துப் பார்த்தேன். என் அளவு. விலாப்பக்கத்தில் உள்ளே நாலு விரல் அகலத்துக்குத் துணி விட்டிருந்தாள். இவ்வளவு விட்டு யாரும் தைத்து நான் பார்த்ததில்லை.

"எதுக்கு இவ்வளவு துணி உள்ள?"

"ஆபரேஷனுக்கப்புறம் ஏதோ மாத்திரை குடுப்பாங்களாம்ல. நல்லா பசிக்குமாம், உடம்பு போடுமாம். மேடத்துக்கிட்ட கேட்டுட்டேன்," என்றாள். "நீ குண்டாயிட்டா திரும்பத் திரும்ப யாரு தைக்கறது? பிரிச்சு விட்டா ஆச்சு. நீ படி."

சட்டையை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். நான் குண்டாவேன் என்று இந்த உலகத்தில் ஒருத்தி நாலு விரல் அகலத்துக்கு நம்புகிறாள். அவள் சட்டையில் பிரிப்பதற்கு ஒரு நூல் அகலம் கூட மிச்சமில்லை.

"என்னடா நின்னுட்டே? படி."

படிக்கிறேன். படித்துப் படித்து, நீங்கள் இப்போது வாசித்துக்கொண்டிருக்கும் இந்த வரிக்கே வந்துவிட்டேன். இதற்குப் பிறகு தாளில் ஒன்றும் இல்லை. தட்டில் இன்னும் இரண்டு வாய் இருக்கிறது. மேடம் சொன்ன அளவை முழுசாகச் சாப்பிட்டால் இன்றைக்குத்தான் முதல் நாள். அக்காவின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நிற்கிறது.

"அப்புறம்?" என்கிறாள்.

"அப்புறம், ராஜா காட்டுக்குப் போனார்."

"அது என் கதைடா. உன் கதையச் சொல்லு."

"அதே ராஜாதான் அக்கா."

"செத்துட்டாரா?"

"இல்ல."

கை வாய்க்குப் போய்விட்டு வருகிறது. இன்னும் ஒரு வாய். புலி வந்தாயிற்று, வெள்ளமும் வந்தாயிற்று, எதிரியை வைத்திருந்தேன், அவனும் வந்துவிட்டுப் போய்விட்டான். தொழில் எழுத்து என்று பேர், என்னிடம் வேறொன்றும் மிச்சமில்லை. இதைப் படிக்கிறவரே, உங்களிடம் ஒரு வாக்கியம் இருக்குமா? நன்றாக இருக்க வேண்டும் என்றில்லை. ராஜா உயிரோடு இருந்தால் போதும். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள், தட்டை மூடிவிடுவாள்.